லெந்து நாட்களில் சபையோடு சேருங்கள்: எபிஸ்கோப்பல் சபைகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

ஸ்தோத்திரம்.

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் சபைகளுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையின் பிள்ளைகள். பாளையங்கோட்டை, நாசரேத், நாகர்கோவில், மதுரை, சென்னை என்று பல ஊர்களிலிருந்து வந்தோம். இங்கே எபிஸ்கோப்பல் ஆலயத்துக்குள் நுழைந்ததும் ஆராதனை முறை பழகினதாக இருந்தது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து எல்லாம் நமக்குத் தெரிந்த வரிசையில் வந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டோம். தென்னிந்தியத் திருச்சபையும் எபிஸ்கோப்பல் திருச்சபையும், இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள உலகச் சபைகளின் குடும்பமான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை. ஆகவே இந்தச் சபைகளில் நாம் விருந்தாளிகள் கிடையாது, வீட்டுக்காரர்கள்.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலமான லெந்து வந்தால் நம்மைக் காணோம். ஞாயிறு காலை வருகிறோம். லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன், புதன்கிழமை மாலைக் கூடுகை, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை, பெரிய வியாழன் இரவு, இவற்றில் தமிழ் முகங்கள் அரிது. லெந்தை நாம் விட்டுவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் கறி மீன் சமைப்பதில்லை. பல அம்மாமார் மதியம் வரை பச்சைத் தண்ணீரோடு இருக்கிறார்கள். ஊர்ச் சபையின் லெந்து கூட்டத்தை யூடியூபில் பார்க்கிறோம், இரவு ஜூமில் தமிழ் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். இதில் எதையும் விடச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: நீங்கள் உறுப்பினராக இருக்கிற சபையோடு சேர்ந்து லெந்தை ஆசரியுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

சாம்பல் புதன் ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் குருவானவர் சபையைப் பார்த்து ஒரு அழைப்பு வாசிப்பார். எபிஸ்கோப்பல் திருச்சபையின் 1979-ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தில் அது இருக்கிறது. லெந்து எப்படி வந்தது என்று அதில் சுருக்கமாகச் சொல்லியிருக்கும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்திய காலம் அது. வெளிப்படையான பாவத்தினால் சபையை விட்டு விலகியிருந்தவர்கள் மனந்திரும்பி, மன்னிப்புப் பெற்று, மறுபடியும் ஐக்கியத்தில் சேர்ந்துகொண்ட காலமும் அதுதான். கி.பி. 325-இல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் விதிகளிலேயே இந்த நாற்பது நாள் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. ஆதியில் லெந்து தனி ஆளின் விரதமாக மட்டும் இருக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். புதியவர்களை உள்ளே கொண்டுவரவும், பிரிந்துபோனவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளவும் சபை முழுவதும் சேர்ந்து நோன்பிருந்தது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடிய வேலையா இது?

"உபவாசம் அந்தரங்கமானது, ஆண்டவரே மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறாரே" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பகுதிதான் சாம்பல் புதன் அன்று சுவிசேஷமாக வாசிக்கப்படுகிறது. மனுஷர் காண வேண்டும் என்று முகத்தை வாடவைத்துக்கொள்கிறவர்களை ஆண்டவர் கண்டித்தார், அது உண்மை. ஆனால் அதே ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடமாக யோவேல் இரண்டாம் அதிகாரமும் குறிக்கப்பட்டிருக்கிறது. எக்காளம் ஊதி ஜனத்தைக் கூட்டு, முதியோரைச் சேர்த்துக்கொள், பால்குடிக்கிற பிள்ளைகளையும் கொண்டுவா, மணவாளனும் மணவாட்டியும் கூட அறையை விட்டு வெளியே வரட்டும் என்கிறார் தீர்க்கதரிசி. புதுமாப்பிள்ளைக்கே விலக்கு இல்லை! நாம் மத்தேயுவை மட்டும் பிடித்துக்கொண்டு யோவேலை விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்.

இனி சாம்பல் விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் புதன்கிழமை வராததற்கு இது ஒரு பெரிய காரணம். பேசத் தயங்குகிறோம், ஆனால் காரணம் இதுதான்.

நம் முன்னோர்கள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபோது நெற்றியில் இருந்த திருநீற்றை விட்டார்கள். சிலருக்கு அதனால் சொந்தபந்தம் போயிற்று, நிலம் போயிற்று. அந்த நெற்றியில் மறுபடியும் சாம்பலா என்று ஒரு பாட்டி கேட்டால் அவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. அதோடு, நம் சபைகளில் சாம்பல் பூசும் பழக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையிலேயே 1548-இல், ஆறாம் எட்வர்ட் ராஜா காலத்தில், சாம்பல் பூசுவது நிறுத்தப்பட்டது. 1549-லும் 1662-லும் வந்த ஜெப புத்தகங்களில் சாம்பல் புதன் என்ற நாள் இருந்தது, சாம்பல் இல்லை. திருநெல்வேலிச் சீமைக்கு வந்த சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் சங்கங்களின் மிஷனரிமார் கொண்டுவந்த முறை அதுவே. ஆகவே சாம்பல் இல்லாமல் வளர்ந்தது நம் குறையுமில்லை, சாம்பல் பூசுவது அமெரிக்கர் புதிதாகக் கண்டுபிடித்ததுமில்லை.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். 1979 ஜெப புத்தகம் சாம்பலைக் கட்டாயமாக்கவில்லை. சாம்பல் பூசுவதாக இருந்தால் இந்த ஜெபத்தைச் சொல்லலாம் என்றுதான் இருக்கிறது. எல்லோரும் முன்னால் போகும்போது நீங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பூசிக்கொண்டு, வெளியே போகும்போது துடைத்துவிடலாம். அப்படிச் செய்கிறவர்களும் சபையில் உண்டு. வாருங்கள், அவ்வளவுதான். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் குருவானவர் பெருவிரலில் தொட்டு, நீ மண், மண்ணுக்குத் திரும்புவாய் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்வார். கைக்குழந்தைக்கும் அதே வார்த்தை. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிற மனுஷிக்கும் அதே வார்த்தை. முழங்காலில் நிற்கிற எண்பது வயதுக்காரருக்கும் அதே. ஆதியாகமத்தில் இதை நீங்கள் நூறு முறை வாசித்திருக்கலாம். உங்கள் பெயர் தெரிந்த ஒருவர், நீங்கள் தினமும் பார்க்கிற மனுஷர் நடுவில், உங்களிடம் இதைச் சொல்வது வேறு. வீட்டில் தனியாக உபவாசம் இருக்கிறவரிடம் இதைச் சொல்ல ஆள் கிடையாது.

சாம்பலுக்கு அப்புறம் வருவதுதான் எனக்கு அதைவிட முக்கியம். மனந்திரும்புதலின் லித்தானியா. முழங்கால்படியிட்டு சபை முழுவதும் ஒருவரோடொருவர் சேர்ந்து அறிக்கையிடும் ஜெபம். நம் ஊர் லெந்துப் பிரசங்கங்களில் பாவம் என்றால் குடி, சினிமா, விபசாரம், கோபம் என்று ஒரு பட்டியல் உண்டு. இந்த லித்தானியாவின் பட்டியல் வேறு. மற்றவர்களைச் சுரண்டியது, நம்மைவிட வசதியாக இருக்கிறவர்கள் மேல் பொறாமை, வேலையில் காட்டிய நேர்மையின்மை, அநியாயத்தைப் பார்த்தும் சும்மா இருந்தது, பூமியை வீணாக்கியது என்று ஒவ்வொன்றாகப் போகும். அதில் ஒரு வரி, நம்மிலிருந்து வேறுபட்டவர்களை முன்முடிவோடு பார்த்ததற்காகவும் இகழ்ந்ததற்காகவும் மன்னிப்புக் கேட்கிறது.

அந்த வரியை ஆங்கிலத்தில் சொல்லும்போது, இது வெள்ளைக்காரருடைய நிறவெறியைப் பற்றியது என்று நமக்குத் தோன்றும். ஆமாம், அதைப் பற்றியதுதான். பிலடெல்பியாவில் ஒரு மெத்தடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை இடையிலேயே எழுப்பி இடம் மாறச் சொன்னார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களில் ஒருவரான அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில்தான் தூய தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் சபை உருவாகி 1794-இல் இந்தத் திருச்சபையில் சேர்ந்தது. எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குரு அவர். அவரை நினைவுகூரும் நாள் பிப்ரவரி 13, பல வருஷங்களில் சாம்பல் புதனை ஒட்டியே வரும். அமெரிக்கச் சபை இந்தப் பாவத்தைத் தன் பாவம் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, நம்முடையது? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும், அதுவும் உடனே என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்க மனமில்லாமல் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் நாம் மாப்பிள்ளை பார்க்கும்போது எந்த ஊர், எந்தச் சேகரம் (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகள்) என்று சுற்றி வளைத்துக் கேட்டு எதைத் தெரிந்துகொள்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதே தேடல்தான் நடக்கிறது. நம் சாதி நம்மோடேயே விமானம் ஏறி வந்தது. கறி சாப்பிடாத நாற்பது நாள் அதைத் தொடுவதே இல்லை. தமிழர் மட்டும் கூடுகிற ஜூம் கூட்டத்தில் அதை யாரும் எடுப்பதும் இல்லை. இந்த லித்தானியாவில் அந்த வரி வரும்போது உங்கள் வாயே அதைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் வேறு நிறத்தவர் ஒருவர் தன்னுடைய பாவத்தை நினைத்து அதே வரியைச் சொல்லிக்கொண்டிருப்பார். தமிழ்க் குடும்பங்கள் புதன்கிழமை வர வேண்டும் என்று நான் கேட்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

இன்னொரு உதவியும் சபையில் இருக்கிறது, நம்மவருக்கு அது தெரியாது. தனிப்பட்ட பாவ அறிக்கை. ரோமன் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எபிஸ்கோப்பல் ஜெப புத்தகத்திலும் ஒப்புரவாகுதலுக்கு ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் செய்யலாம், சிலர் செய்வது அவசியம், யாரும் கட்டாயமாகச் செய்ய வேண்டியதில்லை என்று ஆங்கிலிக்கன் சபைகளில் வழக்கமாகச் சொல்வார்கள். அதில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது, அது மீற முடியாத கடமை என்று ஜெப புத்தகமே சொல்கிறது. நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கணவன் மனைவிக்குள் ஒரு பிரச்சினை, குடிப்பழக்கம், கடன், பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லை. இதைத் தமிழ் ஜெபக்குழுவில் சொன்னால் மறுநாள் காலை ஊரில் மாமியாருக்குப் போன் போய்விடும் என்ற பயம். அதனால் வருஷக்கணக்காக மனசுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். லெந்து நாட்களில் பல குருவானவர்கள் இதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டால் போதும்.

இப்போது புதன்கிழமை மாலைகளுக்கு வருகிறேன்.

பெரும்பாலான சபைகளில் லெந்து புதன்களில் பாரிஷ் ஹாலில் சூப்பும் ரொட்டியும் வைப்பார்கள். ஒவ்வொரு வாரமும் யாராவது இரண்டு மூன்று பேர் சூப் வைத்துக் கொண்டுவருவார்கள். சாப்பிட்டபின் ஒரு வேதபாடமோ கலந்துரையாடலோ இருக்கும். கடைசியில் ஜெப புத்தகத்திலிருந்து இரவு ஜெபம், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இவ்வளவுதான். பிரசங்கியார் கிடையாது, மைக் கிடையாது, உருக்கமான பாட்டும் கிடையாது. நம் ஊர் லெந்துக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் நம் ஊர் அசனத்தை நினைத்துப் பாருங்கள். சேகரம் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும்போது யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும் அல்லவா? இந்தச் சூப் மேசையிலும் அதுவே நடக்கிறது. மனைவி இறந்தபின் தினமும் டிவி முன்னால் தனியாகச் சாப்பிடுகிற முதியவர் அங்கே வருகிறார். இரண்டு வேலை பார்க்கிற தாய் பிள்ளைகளோடு வந்து, சமைக்காத ஒரு இரவைப் பெறுகிறார். ஞாயிறு ஆராதனையில் இவர்களோடு சமாதானம் என்று கைகுலுக்கியிருப்போம், பெயர் தெரியாது. பெயர் புதன்கிழமைதான் தெரிகிறது.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது, அங்கே போய் என்ன சொல்வது என்று சில அக்காமார் தயங்குவது எனக்குத் தெரியும். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. பரிமாறுங்கள், பாத்திரம் கழுவுங்கள், சங்கீதத்தில் ஒரு வசனம் வாசியுங்கள். அப்புறம் பேச்சு தானாக வரும்.

நாம் கொடுக்கவும் அங்கே இடம் இருக்கிறது. ஜெப புத்தகம் முழு உபவாச நாளாகப் பெயர் சொல்லிக் குறிப்பது சாம்பல் புதனையும் பெரிய வெள்ளியையும் மட்டும்தான். மற்ற லெந்து நாட்களில் என்ன செய்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். சாக்லேட்டை விடுகிறேன், மதுவை விடுகிறேன், போனில் நேரம் போக்குவதை விடுகிறேன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அது உண்மையான முயற்சிதான். ஆனால் பசியோடு ஜெபிப்பது எப்படி என்று இவர்களில் பலருக்குச் சொல்லித்தர ஆளில்லை. நமக்குத் தெரியும். மூன்றாம் ஜாமத்தில் எழுந்து ஜெபித்த ஆச்சிமார் நமக்கு இருந்தார்கள். மிச்சப்படுத்திய கறிக் காசை உண்டியலில் போட்டு ஈஸ்டருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன வீடுகள் நம் வீடுகள். இங்கேயும் அதற்கு வழி உண்டு. 1940-இல் தொடங்கிய எபிஸ்கோப்பல் நிவாரண அமைப்புக்கு லெந்து நாட்களில் சபைகள் காணிக்கை சேர்க்கின்றன. 2009-இல் கூடிய திருச்சபையின் பொதுப் பேரவையே லெந்தை அதற்கான காலமாகக் குறித்திருக்கிறது. நம் பிள்ளைகள் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, இந்த வாரம் சிக்கன் வாங்காத காசு இதில் என்று சொல்லுங்கள். சபைப் பொறுப்பில் இருக்கிற குருவான ரெக்டரிடம் பேசி, ஒரு புதன் மாலை உபவாசம் பற்றி நம்மில் ஒருவர் சாட்சி சொல்ல நேரம் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை இல்லையே என்று பலர் ஏங்குகிறார்கள். சிலுவையின் ஏழு வார்த்தைகளை வைத்து பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை நடக்கும் அந்த ஆராதனை இல்லாமல் நமக்குப் பெரிய வெள்ளியே இல்லை. அதை முதலில் தொடங்கியது பெரு நாட்டு லீமா நகரத்து யேசு சபையார் என்ற ரோமன் கத்தோலிக்கத் துறவிகள், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது ஆங்கிலிக்கன் சபைகளுக்குள் வந்தது. எபிஸ்கோப்பல் ஜெப புத்தகத்தின் பெரிய வெள்ளி முறை வேறு: யோவான் எழுதிய பாடுகளின் வாசிப்பு, உலகம் முழுவதற்குமான நீண்ட ஜெபங்கள், சிலுவையின் முன் மௌனம். இரண்டுக்கும் சண்டை இல்லை. சில எபிஸ்கோப்பல் ஆலயங்களில் ஏழு வார்த்தைகளும் உண்டு. உங்கள் சபையில் இல்லையென்றால், மதியம் ஆலயத்தைத் திறந்து தரும்படி கேட்டு, தமிழ்க் குடும்பங்கள் முன்நின்று எல்லோருக்கும் சேர்த்து நடத்தலாமே.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. லெந்து முழுவதும் இங்கே ஆராதனையில் அல்லேலூயா சொல்வதில்லை. மூச்சுக்கு மூச்சு அல்லேலூயா சொல்லி வளர்ந்த நமக்கு இது கஷ்டம். பல சபைகளில் லெந்துக்கு முந்தின ஞாயிறு பிள்ளைகள் அந்த வார்த்தையைப் பெரிய தாளில் வண்ணம் தீட்டி எழுதி, பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். சனி இரவு ஈஸ்டர் விழிப்பு ஆராதனையில் அது மறுபடி வெளியே வரும். முந்தின ஞாயிறு எழுதிய பிள்ளையை அந்தச் சனி இரவு தூங்க வைத்துவிடாதீர்கள். இருட்டில் புதுநெருப்பு மூட்டி, மெழுகுவர்த்தியோடு உள்ளே நுழைகிற அந்த இரவுக்காகத்தான் இந்த நாற்பது நாளும். ஞானஸ்நானம் கொடுக்கச் சிறப்பாகக் குறிக்கப்பட்ட நேரங்களில் அந்த இரவும் ஒன்று. புதியவர்களை ஆயத்தப்படுத்திய காலம் என்று மேலே எழுதினேனே, அவர்கள் தண்ணீருக்குள் இறங்குகிற நேரம் அது. பெரிய வியாழன் கால் கழுவுதலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் கூச்சப்பட மாட்டார்கள், நாம்தான் சாக்ஸைக் கழற்றத் தயங்குவோம்.

வேலை நேரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிற தங்கைகளும், ராத்திரி ஆன்-கால் இருக்கிற தம்பிமாரும் எல்லாப் புதனும் வர முடியாது. சாம்பல் புதன் அன்று பல ஆலயங்களில் காலை, மதியம், மாலை என்று ஆராதனை வைக்கிறார்கள், ஒன்றுக்கு வாருங்கள். புதன் கூடுகைகளில் முடிந்ததற்கு வாருங்கள். உங்கள் தமிழ் ஜூம் கூட்டம் புதன் மாலையில் இருந்தால், லெந்து நாட்களில் மட்டும் அதைச் செவ்வாய்க்கோ வியாழனுக்கோ மாற்றிவைக்கும்படி கூட்டம் நடத்துகிற அண்ணன்மாரை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சூப்புக்குப் பெயர் எழுதும் தாள் பெரும்பாலும் பாரிஷ் ஹால் வாசலிலோ சபையின் வாராந்தர ஈமெயிலிலோ இருக்கும். ஒரு வாரத்துக்கு உங்கள் பெயரை எழுதுங்கள். பருப்பு ரசம் வைக்கலாம், காய்கறி போட்ட சாம்பாரைக் கொஞ்சம் தண்ணியாக வைக்கலாம், காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். முப்பது பேருக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாவிட்டால் சமையலறைப் பொறுப்பில் இருப்பவரைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்களில் ஒருவர்